மூடிய ஆலையின் மரபைக் கலைஞர்கள் கையாள்வது அஞ்சலியா, ஆதாயமா? (ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பீங்கான்)

கோட்டோவியம் எழுதியது:

வணக்கம். கலை வரலாற்று முதுகலைப் படிப்பின் இறுதிக் கட்டுரைக்காக, இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்துப் பீங்கான் தொழிலின் மரபை இன்றைய பீங்கான் கலைஞர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதைப் படித்து வருகிறேன். தொழிலின் வரலாறு ஓரளவு பிடிபட்டுவிட்டது. படைப்புகளை மதிப்பிடுவதில்தான் தடுமாறுகிறேன்.

முதலாம் ஜோசையா ஸ்போட் 1776-இல் வாங்கிய இடத்திலேயே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இயங்கிவந்த ஸ்போட் ஆலை 2008-இல் நொடித்துப்போய் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அந்த நகரில் பிரிட்டிஷ் செராமிக்ஸ் பியனாலே என்ற ஈராண்டுக் கலைவிழா தொடங்கியது. 2011-இல் அதன் காட்சிகள் ஸ்போட் ஆலையின் காலிக் கூடங்களுக்கே வந்து சேர்ந்தன. 2012-இல், நார்வேயின் பெர்கன் கலைக் கல்வி நிறுவனம் முன்னெடுத்த 'டோபோகிராஃபீஸ் ஆஃப் தி அப்சொலீட்' என்ற ஆய்வுத் திட்டத்தின் பெயரில் பல நாட்டுக் கலைஞர்கள் அதே வளாகத்துக்கு வந்து, தொழிலாளர்கள் விட்டுச் சென்ற சாந்து அச்சுகளையும் உடைந்த பாண்டங்களையும் சுவரில் எஞ்சிய கறைகளையும் தங்கள் படைப்புகளுக்குப் பொருளாக்கினார்கள்.

இவற்றின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் உறுத்தல் எழுகிறது. வேலை இழந்தவர்கள் விட்டுச் சென்றதை எடுத்து வேறொருவர் கண்காட்சியில் வைக்கிறார். அவருக்குப் பரிசும் பெயரும் கிடைக்கின்றன. அச்சு வார்த்தவருக்கும் பூ வரைந்தவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. இதை அஞ்சலி என்று கொள்வதா, இடிபாட்டின் அழகில் மயங்குவது என்று கொள்வதா? ஒரு படைப்பு மரபோடு உண்மையாகவே உரையாடுகிறது, இன்னொன்று அதை அலங்காரமாக மட்டும் எடுத்துக்கொள்கிறது என்று பிரித்துச் சொல்ல ஏதாவது உரைகல் உண்டா? பீங்கான் வேலை தெரிந்தவர்களும் கலை விமரிசனத்தில் ஈடுபட்டவர்களும் இந்தக் குழுவில் இருப்பதால் கேட்கிறேன்.

தணல் எழுதியது:

நல்ல கேள்வி. பீங்கான் பட்டறையில் வேலை செய்பவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

மரபு என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது நீல வெள்ளைத் தட்டு, ஸ்டோக்கின் இன்னொரு புகழ்பெற்ற ஆலையான வெட்ஜ்வுட்டின், ஜாஸ்பர் என்ற மண்கலவையில் ஆன வெளிர்நீல ஜாடி ஆகிய பொருள்கள்தாம். ஸ்டோக் நகரம் உலகுக்கு விட்டுச் சென்றது அந்தப் பொருள்களோடு முடிந்துவிடவில்லை. ஒரு தட்டை இருபது கைகளுக்குப் பகிர்ந்தளித்து, ஒவ்வொரு கையும் தன் ஒரே வேலையில் வாழ்நாள் முழுவதும் தேர்ச்சி பெறும்படி செய்த உழைப்பு முறைதான் அதன் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். ஆலை மூடப்பட்டபோது உண்மையில் அறுந்துபோனதும் அதுவே. தட்டுகள் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைச் செய்த விரல்களின் அறிவை அலமாரியில் வைக்க வழியில்லை.

ஸ்போட் 1780-களில் செம்மைப்படுத்திய, மெருகுக்கு (பாண்டத்தின்மேல் கண்ணாடிபோல் படியும் பூச்சுக்கு) அடியில் நீல அச்சுப் பதிக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். செதுக்குநர் செப்புத் தகட்டில் கோடும் புள்ளியுமாகச் சித்திரத்தை வெட்டுகிறார். அச்சிடுபவர் தகட்டைச் சூடாக்கி, எண்ணெயில் குழைத்த கோபால்ட் நிறத்தைக் கோடுகளுக்குள் தேய்த்து இறக்கி, மேலே நிற்கும் மிச்சத்தை வழித்தெடுத்து, சோப்பு நீரில் நனைத்த மென்தாளை அதன்மேல் பரப்பி உருளையில் அழுத்துகிறார். ஈரம் காயும் முன்பே இன்னொருவர் அந்தத் தாளைக் கத்தரித்து நடுச்சித்திரத்தையும் விளிம்புப் பட்டைகளையும் பிரிக்கிறார். வேறொருவர் அவற்றை, ஒருமுறை சுட்டும் இன்னும் மெருகு ஏறாத தட்டின்மேல் பொருத்தி, விறைத்த தூரிகையால் பலமாகத் தேய்க்கிறார். பிறகு தாளை நீரில் கழுவி எடுத்து, எண்ணெய் எரிந்து போகும் அளவுக்கு மிதமாகச் சுட்டு, மெருகில் தோய்த்து, மீண்டும் சூளைக்கு அனுப்புகிறார்கள். கத்தரிப்பதும் பொருத்துவதும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த வேலைகள்.

இந்த முறையில் ஆன பழைய தட்டு ஒன்று கையில் கிடைத்தால் அதன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வளைந்த விளிம்பில் நேரான தாள்பட்டையை ஒட்டுவதால், பட்டையின் இரு முனைகளும் சந்திக்கும் இடம் ஒன்று இருந்தே தீரும். அங்கே ஒரு பூ பாதியில் வெட்டுப்பட்டு, அடுத்த பட்டையின் இலையோடு இணைந்திருக்கும். கைதேர்ந்தவர் பொருத்தியது என்றால் அந்த இணைப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஒரு பெண்ணின் முடிவு அந்த ஓரங்குலத்தில் பதிவாகியிருக்கிறது. நவீன ஒட்டுச்சித்திரத் தாளில் அச்சான தட்டில் இத்தகைய இணைப்பை அநேகமாகக் காண முடியாது. மிடில்போர்ட் ஆலையில் பர்லே நிறுவனம் இன்றும் மென்தாள் முறையைக் கைவிடாமல் வைத்திருக்கிறது.

உங்கள் உரைகல்லுக்கு இப்போது வருகிறேன். ஒரு படைப்பு ஆலையின் சித்திரத்தை எடுத்துக்கொண்டதா, அந்தக் கைகளின் அறிவை எதிர்கொண்டதா என்று கேட்டுப் பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு மிக நேராகப் பதில் சொல்பவர் நீல் பிரவுன்சோர்ட். அவர் வெளியிலிருந்து வந்து ஆலையைக் கண்டுபிடித்தவர் அல்லர். ஸ்டோக்கில் பிறந்து, இளம்வயதில் வெட்ஜ்வுட் ஆலையில் தொழில் பயின்றவர். அவருடைய தொடக்ககாலச் சிற்பங்கள், உற்பத்தியின்போது கழிவாகத் தள்ளப்படும் களிமண் துண்டுகளையும் சூளைத் தாங்கிகளையும் சேர்த்து மீண்டும் சுட்டு ஆனவை. பின்னர் அவர் பொருளை விட்டுவிட்டு ஆட்களிடம் போனார். 'நேஷனல் ட்ரெஷர்' என்ற நிகழ்த்துகையில், ஆலைகளில் காலமெல்லாம் சித்திரம் தீட்டிய ஓர் ஓவியர் பார்வையாளர்கள் முன்னிலையில் அமர்ந்து, எஞ்சிய தட்டுகளின் பின்புறத்தில், நிறுவன முத்திரை இருக்கும் அந்தப் பக்கத்தில், பாழடைந்த ஆலைக் காட்சிகளைத் தீட்டினார். தட்டின் முன்பக்கத்தில் ரசனைக்காகப் பழைய கோட்டை இடிபாடுகளைத் தீட்டிக் கொடுத்த அதே கைத்திறன், தன் சொந்த ஆலையின் இடிபாட்டைப் பின்பக்கத்தில் தீட்டுகிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2017-இல் தென் கொரியாவின் இச்சியோனில் அவர் நடத்திய 'ஃபேக்டரி' இன்னும் கடுமையானது. பீங்கான் பூச் செய்வதில் பல்லாண்டு அனுபவம் உடைய ரீட்டா ஃபிளாய்ட், விரல் நுனிகளால் இதழ் இதழாக உருட்டி ஒட்டிப் பூவை முடித்த கணத்திலேயே அதைக் கழிவில் போடும்படி அந்தப் படைப்பு கோரியது. பூக்கள் குவிந்து கழிவு மேடாக வளர்ந்தன. பக்கத்திலேயே கொரியக் குயவுக் கலையின் ஆசான்கள். அந்த நாட்டில் 1962-ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தே கைத்திறனை நாட்டின் சொத்தாக ஏற்று, அதை உடையவரைப் பேணும் ஏற்பாடு வளர்ந்திருக்கிறது. பிரிட்டனோ, 2003-இல் யுனெஸ்கோ கொண்டுவந்த, வழிவழி வரும் கலைகளையும் கைத்திறன்களையும் காப்பதற்கான உடன்படிக்கையை 2024-இல்தான் ஏற்றது. இந்த வேறுபாட்டை அட்டையில் எழுதி ஒட்டாமல், இரண்டு வகைக் கைகளை ஒரே கூடத்தில் அமர்த்தியே காட்டிவிட்டார்.

ஆதாயமா என்ற உங்கள் ஐயத்துக்கு என் பதில் இதுதான்: கைத்திறன் உடையவர் அந்தப் படைப்புக்குள் பெயரோடு இருக்கிறாரா, அவர் இல்லாமல் அந்தப் படைப்பு நடக்குமா என்று பாருங்கள். காலிக் கூடத்தில் உதிரும் சுண்ணாம்பைப் படம் பிடிப்பதற்கு யாருடைய திறனும் தேவைப்படாது.

பழையபதிவு எழுதியது:

தணல் அவர்கள் விளக்கியதில் வேலைமுறைப் பகுதியை அப்படியே ஏற்கிறேன். ஆனால் 'கைகளின் அறிவு' என்ற சொற்றொடர் அந்த உழைப்பின் மேல் ஓர் ஒளிவட்டத்தை ஏற்றிவிடுகிறது என்று அஞ்சுகிறேன். கலைஞர்கள் பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

அந்த உழைப்பு முறையை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவரான ஜோசையா வெட்ஜ்வுட், தவறவே இயலாத இயந்திரங்களாக மனிதர்களை ஆக்க வேண்டும் என்ற பொருள்படத் தம் கூட்டாளி தாமஸ் பென்ட்லிக்கு 1769-இல் எழுதினார். அவருடைய எட்ரூரியா ஆலை திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே. மணி அடித்தால் வர வேண்டும், மணி அடித்தால் போக வேண்டும், தனக்குரிய வேலையைத் தவிர வேறொன்றைத் தொடக்கூடாது என்ற ஒழுங்கு அங்கே உருவானது. இருபது கைகளுக்குப் பகிர்ந்தளித்தது என்றால், இருபது பேரில் எவருக்கும் முழுத் தட்டைச் செய்யத் தெரியாதபடி ஆக்கியது என்றும் பொருள். அதோடு, பாண்டக் கலவையில் சேர்த்த சக்கிமுக்கிக் கல்லின் தூள் நுரையீரலை அடைத்தது. மெருகில் தோய்த்தவர்களை ஈயம் தாக்கியது. புட்டி வடிவில் உயர்ந்து நின்ற புட்டிச் சூளைகளின் புகையில், ஸ்டோக் நகரமாக இணைந்த ஆறு ஊர்களும் கறுத்துக் கிடந்தன. 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு நிலக்கரிச் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் நின்றவற்றுள் இன்று 50-க்கும் குறைவானவையே மிச்சம். அவற்றைப் பார்த்து இன்று ஏங்குகிறவர்கள் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அல்லர்.

இந்தக் கசப்பைத் தொடாமல் இழப்பை மட்டும் பாடும் படைப்புகள் எனக்கு அரைப் படைப்புகளாகவே தோன்றுகின்றன. பிரவுன்சோர்ட்டை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். செய்த பூவை எறியச் சொல்வதில் அன்பைப் போலவே வன்முறையும் இருக்கிறது, அதனால்தான் அது நிற்கிறது. அவரைப் பின்பற்றி வந்த பலரிடம் அந்த வன்முறை இல்லை. உடைந்த அச்சும் மெல்லிய வெளிச்சமும் மட்டுமே இருக்கின்றன.

உங்கள் கட்டுரையில் கட்டாயம் இடம்பெற வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. அது கலைப்படைப்பு அன்று, ஆனால் மரபு யாருடையது என்ற கேள்வியை எந்தப் படைப்பையும்விடக் கூர்மையாக எழுப்பியது. வெட்ஜ்வுட் அருங்காட்சியகம் 2008-இல் ஸ்டோக்கை அடுத்த பார்லஸ்டனில் புதிய கட்டடத்துக்கு வந்தது. 2009-இல் அருங்காட்சியகங்களுக்கான ஆர்ட் ஃபண்ட் பரிசையும் வென்றது. அதே 2009-இன் தொடக்கத்தில் தாய் நிறுவனமான வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் சரிந்தது. ஓய்வூதிய நிதியில் விழுந்திருந்த 13.4 கோடி பவுண்டு பற்றாக்குறை, அந்த நிதியில் அருங்காட்சியக ஊழியர் சிலரும் உறுப்பினராக இருந்த ஒரே காரணத்தால், சட்டப்படி அருங்காட்சியகத்தின் தலையில் வந்து விழுந்தது. கடனை அடைக்கத் தொகுப்பை விற்கலாம் என்றே நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. கடைசியில் 2014-இல் நிதி திரட்டும் இயக்கம் நடந்து, 1.575 கோடி பவுண்டு சேர்த்துத் தொகுப்பை மீட்டு, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் உடைமையாக்கி, பார்லஸ்டனிலேயே வைத்திருக்கிறார்கள்.

தொகுப்பு காப்பாற்றப்பட்டதில் எனக்கும் மகிழ்ச்சிதான். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். தொழிலாளர்களின் முதுமைக்கால நிதியும் தொழிலாளர்கள் செய்த பாண்டங்களும் ஒரே தராசின் இரு தட்டுகளில் ஏற்றப்பட்டன. செய்தி ஏடுகளில் மிகுதியாகப் பேசப்பட்டது பாண்டங்களின் கதிதான். இதை நேரடியாகப் பொருளாக்கிய பெரிய கலைப்படைப்பு எதையும் நான் பார்த்ததில்லை.

வனைசக்கரம் எழுதியது:

இருவரும் இழப்பின் பக்கமே நிற்கிறீர்கள். மரபைத் துக்கமில்லாமல் எதிர்கொண்டவர்களும் உண்டு. மைக்கேல் ஈடன் பல்லாண்டுகள் சக்கரத்தில் வனைந்த குயவர். பிறகு கணினி வடிவமைப்புக்கும் முப்பரிமாண அச்சுக்கும் மாறி, பழைய வெட்ஜ்வுட் சூப் பாத்திரம் ஒன்றின் உருவத்தை எடுத்து, எலும்பின் உட்புறம் போல முழுக்கத் துளைகளாக்கிவிட்டார். சூப் ஊற்றினால் ஒரு சொட்டுகூட நிற்காது. களிமண்ணில் அந்த உருவம் சுடும்போதே சரிந்துவிடும் என்பது பட்டறை தெரிந்தவர்களுக்குப் புரியும். தன் காலத்துப் புதுத் தொழில்நுட்பத்தை அச்சமின்றிக் கையிலெடுத்த வெட்ஜ்வுட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இல்லை என்பது என் கட்சி. உழைப்பாளி இதில் எங்கே என்று தணல் கேட்பார். கேட்கட்டும். எல்லாப் படைப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டோவியம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அருங்காட்சியக விற்பனை விவகாரத்தை நிதிச் செய்தியாகவே ஒதுக்கி வைத்திருந்தேன். அதைக் கட்டுரையின் நடுப்பகுதிக்குக் கொண்டுவருவது பற்றி யோசிக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். பால் ஸ்காட் போன்றவர்கள் நீல அச்சுச் சித்திரத்தையே கையாள்கிறார்கள். தணலின் உரைகல்படி பார்த்தால் இவர்கள் சித்திரத்தை எடுத்துக்கொண்டவர்கள் என்ற பட்டியலில் விழுவார்களா? அடுத்தது, இந்த மரபு முழுவதும் ஆங்கிலேயர் கதையாகவே சொல்லப்படுகிறது. சீனமும் பிரிட்டிஷ் பேரரசும் இதற்குள் எங்கே வருகின்றன?

தணல் எழுதியது:

பால் ஸ்காட்டை அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். வட இங்கிலாந்தின் கும்பிரியாவைச் சேர்ந்த இவர், பழைய நீல வெள்ளைத் தட்டுகளை எடுத்து, சித்திரத்தின் ஒரு பகுதியை அழித்து, அந்த இடத்தில் தாமே அச்சிட்ட காட்சியைச் சேர்த்து மீண்டும் சுடுகிறார். மாடு மேயும் அமைதியான புல்வெளிக்குப் பின்னால் ஓர் அணுமின் நிலையம் நிற்கும். கால்நடைகளிடையே கோமாரி நோய் பரவிய ஆண்டில் அந்தப் புல்வெளியில் நடந்ததும் தட்டில் ஏறியது. ஸ்போட் ஆலை மூடப்பட்டதையும் அங்கே எஞ்சிய பாண்டங்களின் மேலேயே அச்சிட்டிருக்கிறார். பார்வைக்கு இது சித்திரத்தை வைத்து விளையாடும் விளையாட்டு. ஆனால் அவர் செப்புத் தகட்டுச் செதுக்கலின் கோட்டையும் புள்ளியையும் உள்ளும் புறமும் படித்தவர். எந்த ஆழத்தில் வெட்டினால் எந்த நீலம் விழும் என்ற கணக்கு தெரிந்தவர். அதனால்தான் புதிதாகச் சேர்த்த பகுதி பழையதோடு மயிரிழை வேறுபாடும் இல்லாமல் இணைகிறது. ஏதோ தவறாக இருக்கிறது என்று உணரவே நமக்குச் சில நொடிகள் பிடிக்கின்றன. அந்தச் சில நொடிகளைத் தருவது செதுக்குநரின் அறிவுதான். ஆகவே சித்திரத்துக்கும் கைக்கும் நடுவே நான் போட்ட கோடு, இந்த ஒருவரிடம் வந்து மங்கிப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீனத்தைப் பற்றிப் பழையபதிவு விரிவாகச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

பழையபதிவு எழுதியது:

சொல்கிறேன். ஸ்டோக்கின் மரபே ஒரு நகலெடுப்பில்தான் தொடங்கியது. சீனத்திலிருந்து கப்பலில் வந்த நீல வெள்ளைப் பாண்டங்களை இங்கேயே மலிவாகச் செய்ய வேண்டும் என்ற வேட்கையிலிருந்துதான் மெருகடி அச்சும் போன் சைனாவும் பிறந்தன. சீனர்களின் பீங்கான் கலவைக்கு ஈடாக ஏறத்தாழப் பாதிப் பங்கு மாட்டெலும்புச் சாம்பலைச் சேர்த்து, மீதியைக் கார்ன்வாலின் வெண்களிமண்ணாலும் கல்லாலும் நிரப்பிய கலவையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்போட் ஆலை நிலைப்படுத்தியது. வில்லோ சித்திரமும் 1790-ஐ ஒட்டி இங்கிலாந்தில் அமைந்ததே. பாலமும் மரமும் இரு பறவைகளும் கொண்ட அந்தக் காதல் கதை, சித்திரத்தை விற்பதற்காகப் பின்னாளில் இங்கேயே புனையப்பட்டது. இரு நூற்றாண்டுகள் கழித்து உற்பத்தி கிழக்காசியாவுக்குப் போனதை இழப்பு என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்த முன்கதையை விட்டுவிடுகிறார்கள்.

பிரிட்டிஷ் கலைஞர் க்ளேர் டூமியின் 'மேட் இன் சைனா' (2010) இதை நன்றாகப் பிடித்தது. ஆளின் தோள் உயரத்துக்கு, ஒன்றரை மீட்டர் அளவில், 80 சிவப்புப் பீங்கான் ஜாடிகள். எல்லாமே சீனத்தின் பீங்கான் நகரமான ஜிங்டெசெனில் செய்து ஒட்டுச்சித்திரம் இட்டவை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை மட்டும் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, ராயல் கிரவுன் டெர்பி ஆலையில் 18 காரட் தங்கத்தால் கையாலேயே தீட்டச் செய்தார். அந்த ஒரே ஜாடிக்குப் பிடித்த நேரம், மற்ற 79-க்கும் சேர்த்துப் பிடித்ததைவிட அதிகம். கூடத்தில் நுழைபவருக்கு அது எந்த ஜாடி என்று உடனே தெரியாது. தேடிக் கண்டுபிடித்த பிறகு, இத்தனை நேரம் எதற்கு என்று ஒருவரும், இத்தனை நேரத்தை எப்படி இழந்தோம் என்று இன்னொருவரும் கேட்கலாம். இரண்டு கேள்விக்கும் அந்தப் படைப்பு இடம் தருகிறது, யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. தணலின் உரைகல்லுக்கு இதுவும் உட்படும். ஆனால் ஜிங்டெசென்னின் கைகள் மட்டும் பெயரில்லாமலே நிற்கின்றன என்பதை உங்கள் கட்டுரை குறிக்க வேண்டும்.

டூமியின் இன்னொரு படைப்பான 'டிராஃபி' (2006) பற்றி ஒரு சொல். வெட்ஜ்வுட்டின் நீல ஜாஸ்பர் மண்ணில் ஆன 4,000 சிறு பறவைகளை விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வார்ப்புச் சிலைக் கூடத்தில் பரப்பி வைத்தார். வந்தவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் போய்ச் சில மணி நேரத்திலேயே கூடம் காலியாகிவிட்டது. பெருமைக்குரிய மண், தேசிய அருங்காட்சியகம், பொதுமக்களின் கைப்பை ஆகிய மூன்றையும் ஒரே மாலையில் சந்திக்க வைத்த அந்தத் துணிவை, எட்டு ஆண்டுகள் கழித்து நடந்த தொகுப்பு மீட்பு இயக்கத்தின் பக்கத்தில் வைத்துப் படித்தால், மரபு யாருடையது என்ற கேள்வி வேறொரு கோணத்தில் திறக்கும்.

பேரரசைப் பொறுத்தவரை, வெட்ஜ்வுட்டின் பெயர் இரண்டு பக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. சங்கிலியில் மண்டியிட்ட கறுப்பின மனிதரை வெள்ளை ஜாஸ்பரின் மேல் கறுப்பில் காட்டிய, அடிமை வாணிகத்துக்கு எதிரான பதக்கத்தை 1787-இல் அவருடைய ஆலைதான் வார்த்தது. உருவத்தை வடித்தவர் அங்கே வேலை செய்த வில்லியம் ஹாக்வுட். ஆனால் அதே ஆலையின் தேநீர்க் கோப்பைகளில் கரைந்த சர்க்கரை, கரீபியத் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்தது. பதக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டிக் கோப்பையை மறைப்பது எளிது, பலர் அதைச் செய்கிறார்கள்.

இந்தத் திசையில் மேட் ஸ்மித் முக்கியமானவர். 1840-களில், ஸ்போட் ஆலையின் அடுத்த உரிமையாளர்களான கோப்லண்ட் நிறுவனத்தின் காலத்தில், பளிங்குச் சிலையைப் போலத் தோன்றும் பேரியன் என்ற மெருகில்லாப் பீங்கான் உருவானது. நடுத்தர வர்க்கத்து வீடுகளின் கணப்பு மாடத்தில் அரசியும் தளபதிகளும் மார்பளவுச் சிலைகளாக வந்து அமர்ந்தது அதனால்தான். ஸ்மித் 2018-இல் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் அத்தகைய சிலைகளை எடுத்து, அந்தந்த மனிதரின் காலனியச் செயல்களை நினைவூட்டும் வடிவங்கள் கொண்ட சுவர்த்தாளின் முன் நிறுத்தினார். சிலையில் ஒரு கீறலும் போடவில்லை. பின்னணியை மாற்றியதோடு சரி. பார்வையாளர் முதலில் அழகிய பூவேலைச் சுவர் என்றுதான் நினைப்பார்.

வனைசக்கரம் எழுதியது:

டூமியைப் பற்றிப் பேசும்போது, 2017-இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அவர் நடத்திய தொழிற்சாலையை விட்டுவிட்டீர்கள். 30 மீட்டர் நீள வேலை மேசை, எட்டு டன் களிமண், உலர்த்தும் அடுக்குகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுட்ட பொருள்கள். வந்தவர்கள் வருகை பதிந்து, வரிசையில் நின்று, களிமண்ணை அச்சில் வார்த்து, தாங்கள் செய்ததை வைத்துவிட்டு ஏற்கெனவே சுட்ட ஒன்றை எடுத்துப் போனார்கள். அடுத்த வாரம் உற்பத்தியை நிறுத்திவிட்டு, ஆலையின் ஓசைகள் ஒலிக்கும் கூடத்தின் வழியே பார்வையாளரை நடக்கவிட்டார். பழையபதிவு சொன்ன மணி அடிக்கும் ஒழுங்கை, ஒரு பிற்பகல் அளவுக்காவது, விளையாட்டாகவேனும் உடம்பில் ஏற்றிப் பார்த்தது அது ஒன்றுதான். விளையாட்டு என்பதே அதன் குறை என்று சொல்பவர்களும் உண்டு. ஊதியமும் இல்லை, தூசியும் இல்லை.

தணல் எழுதியது:

அந்தக் குறை உண்மையானதுதான். ஆனாலும் கோட்டோவியம் அவர்களுக்கு அது பயன்படும். 2017 என்ற ஒரே ஆண்டில் இச்சியோனில் பிரவுன்சோர்ட்டும் லண்டனில் டூமியும் 'ஃபேக்டரி' என்ற பெயரையே தலைப்பில் வைத்துப் படைத்தார்கள். ஒன்றில் வாழ்நாள் அனுபவமுள்ளவர் செய்ததை எறிகிறார். மற்றதில் ஒன்றும் தெரியாதவர் செய்ததைக் கொடுத்து வேறொன்றை வாங்கிப் போகிறார். இவ்விரண்டையும் ஓர் இயலில் எதிரெதிரே நிறுத்துங்கள். 'டிராஃபி'யையும் அருங்காட்சியக விற்பனை விவகாரத்தையும் இன்னோர் இயலில் சேர்க்கலாம். ஸ்காட்டையும் ஸ்மித்தையும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். ஒருவர் பாண்டத்தின் உள்ளே கை வைக்கிறார், மற்றவர் அதைச் சுற்றியிருப்பதில் கை வைக்கிறார்.

எழுதத் தொடங்கும் முன் லாங்டனில் உள்ள கிளாட்ஸ்டன் பீங்கான் அருங்காட்சியகத்துக்கும் பர்ஸ்லெமில் உள்ள மிடில்போர்ட் ஆலைக்கும் போய்வர முடிந்தால் போய் வாருங்கள். முதலாவதில் புட்டிச் சூளைக்குள் நின்று அண்ணாந்து பார்க்கலாம். இரண்டாவதில் மென்தாளைத் தட்டில் பொருத்தும் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். விளிம்புப் பட்டையின் முனைகளை எங்கே சந்திக்க வைப்பது என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.